தலைவலி செட்

இப்போது உள்ளே இருப்பது பதினேழும் பதினெட்டும். என் கையில் இருபத்து மூன்று. டாக்டர் நீலமேகத்தின் கிளினிக்கில் இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். ஒருத்தர் அவருக்கு எதிரே நாற்காலியில், இன்னொருத்தர் பின்னால் ஸ்டூலில். ஒருத்தர் எழுந்து இன்னொருத்தர் கதவைத் திறந்து வருகிற அரை நிமிஷம்கூட அவருக்கு வீணாகக் கூடாது. ஸ்டூலில் இருப்பவர் நாற்காலியில் இருப்பவரின் மூலவியாதி, மலச்சிக்கல், மருமகள் சண்டை எல்லாவற்றையும் காது குளிரக் கேட்கலாம். பதினோரு வருஷம் இந்த வழக்கத்தை வெறுத்தேன், இன்றைக்குத்தான் இது வசதியாகப் படுகிறது. ஏனென்றால் நான் வைத்தியத்துக்கு வரவில்லை, பழிவாங்க வந்திருக்கிறேன். காலையில் ஏழு மணியிலிருந்து விடாமல் போன் போட்டு, டோக்கன் வாங்கி, முறைப்படி வரிசையில் உட்கார்ந்து பழிவாங்க வந்தவள் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் பேசும்போது ஸ்டூலில் சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கும். இருபத்து நாலு. யார் அந்த இருபத்து நாலு என்றுதான் வந்ததிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர் பெஞ்சில் வெற்றிலை போட்ட வாயோடு ஒரு அம்மா சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், அவளாக இருந்தால் நாளைக் காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மூலையில் இருக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரியான ஆள் வேண்டாம், அவர் டாக்டருக்குப் பரிந்து பேசுவார். பக்கத்தில் துப்பட்டாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும் இந்தப் பெண்ணும் வேண்டாம், தூங்கிவிடுவாள். எனக்கு வாயாடி வேண்டும்.

மேலே டியூப்லைட்டின் ஒரு முனை துடித்துக்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்கு ஒவ்வொரு துடிப்பும் இடது புருவத்துக்குள் போய்த் தட்டிவிட்டு வருகிறது. வராதே. ராத்திரி ஏழரை மணி வரைக்கும் வராதே, அப்புறம் வா, மூன்று நாள் கூட இருந்துவிட்டுப் போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இப்போது வந்தால் எனக்கு வார்த்தை தடுமாறும், அந்த வாக்கியம் மறந்துபோகும், இத்தனை நாள் குளியலறையிலும் பஸ்ஸிலும் அடுப்படியிலும் உதடு அசையாமல் சொல்லிச் சொல்லிக் கூர்தீட்டி வைத்த ஒரே ஒரு வாக்கியம். ‘பதினோரு வருஷம் உங்ககிட்ட வந்தேன் டாக்டர், ஒரே ஒரு நாள், எத்தனை மாத்திரை போடுறேன்னு கேட்டிருக்கலாம்ல?’ அவ்வளவுதான். திட்டக் கூடாது, அழவே கூடாது. அழுதால் மறுபடியும் மனசு என்று சொல்லிவிடுவார். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவர் முதலில் கூட்டம் என்பார். அப்புறம் நேரமில்லை என்பார். அப்புறம் நீ சொல்லவில்லையே என்பார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். கடைசியில் அவர் வாயால் ‘தப்புத்தான்’ என்று வர வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை, சிஸ்டர் வந்து கையைப் பிடித்து இழுத்தாலும்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன், ஆனால் எனக்கு அவர் முகம் தெரியுமா? உச்சந்தலை நன்றாகத் தெரியும். முன்பக்கம் வழுக்கை, பின்னால் சாயம் போட்ட முடி, வகிடு எடுக்கும் இடத்தில் ஒரு மரு. பதினோரு வருஷமாக நான் பார்த்தது அந்த மருவைத்தான். உட்காருவதற்குள் எழுத ஆரம்பித்துவிடுவார். தலை நிமிராமல் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ‘கூட யாரு வந்திருக்கா?’ கூட வந்தவர் என் வீட்டுக்காரர் கருணாகரன், பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். அப்புறம் பேச்செல்லாம் அவர்கள் இரண்டு பேருக்குள். ‘என்ன பண்ணுதாம்?’ ‘தலைவலிக்குதுங்கிறா சார்.’ ‘எப்பலேர்ந்து?’ ‘அது எப்பவும்தான் சார்.’ என் தலையைப் பற்றி டயர்காரர் சொல்லுவார், மருந்துக்காரர் எழுதுவார், நடுவில் நான் ஒருத்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. எப்போதும்தான் என்று எப்படிச் சொல்வார் இந்த மனுஷன்? எப்போதும் இல்லை. இடது பக்கம் மட்டும். வருவதற்கு முன்னால் கண்ணோரத்தில் கோலப்பொடி சிந்தினதுபோல ஒரு வளைந்த வெளிச்சம் நெளியும், அதற்குள் நான் அரிசியைக் களைந்து வைத்துவிட வேண்டும், பாத்ரூம் வாளியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டும். மல்லிகைப்பூ வாசனை வந்தால் போதும், வாந்தி. கல்யாணத்துக்குப் பூ வைத்துக்கொள்ளாமல் போகிறவள் என்று எனக்கு ஒரு பேரே உண்டு. இதெல்லாம் டாக்டர் கேட்டாரா? நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். ‘சார், கண்ணுல ஒரு வெளிச்சம்...’ என்று. அவர் என்னைப் பார்க்காமல் கருணாகரனைப் பார்த்துச் சிரித்தார். ‘வீட்ல சும்மாதான இருக்காங்க? சும்மா இருந்தா இப்படித்தான். மனசுதான் எல்லாம். எங்கயாச்சும் வேலைக்கு அனுப்புங்க, சரியாப்போயிரும்.’ வீட்டுக்காரரும் சிரித்தார். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரும் சிரித்தார். மூன்று பேர் சிரிப்பும் எனக்கு இன்னும் தனித்தனியாகக் கேட்கும்.

‘பத்தொம்பது, இருபது!’ என்று சிஸ்டர் கத்துகிறாள். இந்த சிஸ்டருக்கு மெதுவாகப் பேசவே வராது. இரண்டு பேர் எழுந்து போகிறார்கள், எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். எனக்கு ஒரு ஆசை உண்டு, வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். அவருக்கு இது வர வேண்டும். சாகக் கூடாது, அதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு நாள் வந்தால் போதும். அவர் மகள் கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில், மண்டபம் முழுக்க மல்லிகை, மேளக்காரன் கெட்டிமேளம் என்று காதுக்குப் பக்கத்தில் அடிக்க, வீடியோக்காரன் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிக்க, இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியைத் திருப்ப, சம்பந்தி வந்து ‘என்ன சார், முகம் ஒரு மாதிரியா இருக்கு, எல்லாம் மனசுதான் சார்’ என்று தோளில் தட்ட வேண்டும். தாரை வார்க்கும்போது அவர் வாளியைத் தேட வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சும்மாவா சொன்னார்கள். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் வலி குறைகிறது, எந்த மாத்திரையும் இப்படிக் கேட்டதில்லை.

அவர் ஒருத்தர் மட்டும்தானா? இல்லை. ஆனால் மற்றவர்களிடம் அனுப்பியவர் அவர்தான். கண் டாக்டரிடம் போ என்றார், கண்ணாடி வந்தது. மூக்கு டாக்டரிடம் போ என்றார், மூக்கில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று ஒரு கம்பியை விட்டுக் குத்தினார்கள், குத்திய வலி ஒரு வாரம் இருந்தது, பழைய வலி அதற்குள் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. எலும்பு டாக்டர் கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார், அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனால் ‘கீழே விழுந்துட்டியா, அடிச்சுப்புட்டாரா’ என்று கேட்டார்கள். அப்புறம் இவரே பல்லிலிருந்து நரம்பு மேலே போகுது என்றார், பல் டாக்டர் ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். ஒரு சொத்தை கிடையாது, வெள்ளை வெளேரென்று சோளம் மாதிரி இருந்தது, தட்டில் கிடந்ததைப் பார்த்தேன். இப்போதும் என் நாக்கு அந்தக் குழிக்குப் போய்ப் போய் வருகிறது. பேசாமல் இருக்கும்போதெல்லாம் போகிறது. அவரிடம் திரும்பி வந்து ‘பல்லு பிடுங்கியும் கேக்கலை சார்’ என்று வீட்டுக்காரர் சொன்னபோது அவர் ‘அப்ப பல்லு இல்ல’ என்றார். என் பல்லைத்தான் சொன்னார். கருணாகரன் தலையாட்டினார். எழுதிய சீட்டில் அதே வலி மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று, தூங்க ஒன்று. சீட்டுகளை எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், இதோ மடியில் இருக்கிறது. தேதிவாரியாக அடுக்கிக் கிளிப் போட்டிருக்கிறேன். இதை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்க வேண்டும், அதற்காகவே பையின் அடியில் மரப்பலகை மாதிரி அந்த ஸ்கேன் படத்தையும் வைத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த ஸ்கேன்.

அவர் சொன்னபடியே கருணாகரன் என்னை வேலைக்கு அனுப்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். தலைவலிக்காரிக்கு மருந்துக்கடையில் வேலை, பாலுக்குப் பூனை காவல். ஒன்பது வருஷமாகிறது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் யாருடையது என்று எனக்குத் தெரியாது, அந்த ஆளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதலாளி கல்லாவில் இருப்பார், கவுண்டரில் நான். முதல் வாரத்திலேயே செட் போடக் கற்றுக்கொண்டேன். செட் என்றால் இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். ‘காய்ச்சலுக்கு ஒரு செட்டு’, ‘பல்வலிக்கு ஒரு செட்டு’ என்பார்கள். அட்டையிலிருந்து பிரித்து ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், வயிறு எரியாமல் இருக்க ஒரு மஞ்சள், மூன்றையும் சின்ன பேப்பர் கவரில் போட்டு வாயை மடித்துக் கொடுத்துவிட வேண்டும். கவரில் பேர் இருக்காது, தேதி இருக்காது. பஸ் ஏறுவதற்குள் போட்டுக்கொள்வார்கள். தலைவலி செட்டில் நான் கைதேர்ந்தவள். வலி தெரிந்தவள் ஆயிற்றே, முகத்தைப் பார்த்தே ரோஸில் பாதியா முழுசா என்று முடிவு செய்வேன். ‘அந்த அக்கா குடுத்தா கேக்கும், கைராசிக்காரி’ என்று சொல்லி முதலாளி இருக்கும்போதும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. வீட்டில் என் பேச்சு எடுபடாது, டாக்டரிடம் எடுபடாது, அந்தக் கவுண்டரில் எடுபட்டது. நானும் என் செட்டை நானே போட்டுக்கொண்டேன். டாக்டர் சீட்டு மாத்திரை வீட்டில், செட்டு கடையில். முதலில் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் நாலு, அப்புறம் கடை திறந்ததும் ஒன்று, சாத்தும்போது ஒன்று. டாக்டரிடம் சொன்னேனா என்றால் சொல்லவில்லை. மெடிக்கலில் வாங்கிப் போட்டேன் என்று சொன்னால் ‘அப்ப நீயே டாக்டரா, எதுக்கு இங்க வந்தே’ என்று உள்ளே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். யார் சொல்வார்கள்? இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேட்டவள், மூன்று வாரத்துக்கு முன்னால் போய்ப் பார்த்த மதுரை டாக்டரம்மா. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. கருணாகரன் வழக்கம்போல ‘தலைவலிக்குதுங்கிறா’ என்று ஆரம்பித்ததும், ‘அண்ணே, தலை அவுங்களுதுதான? அவுங்களே சொல்லட்டும், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க’ என்று அனுப்பிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கே நான் அவளுக்குக் கோயில் கட்டுவேன். கோலப்பொடி வெளிச்சத்தைச் சொன்னேன், மல்லிகையைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அப்புறம் மேஜையில் இருந்த காலண்டரை என் பக்கம் திருப்பிப் போட்டு, ‘போன மாசத்துல மாத்திரை போடாத நாளு எது எதுன்னு மட்டும் காட்டுங்க’ என்றாள். என் விரல் அந்தத் தாளில் இறங்க இடமில்லாமல் நின்றது. ‘அக்கா, ஆரம்பத்துல ஒத்தைத் தலைவலிதான். இப்ப தினமும் வர்றது மாத்திரையால வர்ற வலி. மாசத்துல பாதி நாள் வலி மாத்திரை போட்டா, அது இல்லாம இருக்கத் தலைக்கே தெரியாமப் போயிரும்’ என்றாள். மனசு என்று சொல்லவில்லை. நிறுத்த வேண்டும், முதல் இரண்டு வாரம் படாத பாடு படுத்தும், அதற்கு வேறு மருந்து தருகிறேன், தாங்க முடியாவிட்டால் ராத்திரியானாலும் போன் பண்ணுங்கள் என்றாள். படுத்தியது. கடைக்கு லீவு போட்டுவிட்டு இருட்டு அறையில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தேன், அந்த நாட்களில் என் தலைக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவருடைய உச்சந்தலையும் மருவும். இவரால்தானே, இவரால்தானே என்று ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். இன்று பத்தொன்பதாம் நாள். நடுவில் ஐந்து நாள் வலியே இல்லை. ஐந்து நாள்! திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போனேன், அன்றைக்குச் சாயந்திரம் ஒரே ஒரு செட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். போடுவதற்கு இல்லை, இருக்கட்டும் என்று. அது இப்போது உள்ஜிப்பில் இருக்கிறது. புருவத்தில் தட்டுவது கொஞ்சம் ஆழமாகியிருக்கிறது. ஒன்றைப் போட்டால் கால் மணியில் தலை தெளிந்துவிடும், வாக்கியம் பிசகாமல் வரும். பழிவாங்கத்தானே, ஒரே ஒரு நாளைக்கு என்றால் டாக்டரம்மா மன்னிக்க மாட்டாளா? கை ஜிப்பில் இருக்கிறது. எப்போது போனது என்று தெரியவில்லை.

‘இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு!’ வெற்றிலை வாய் அம்மா எழுந்து போகிறாள். சே, அவள் இல்லை. அப்போதுதான் பக்கத்தில் சாய்ந்திருந்த பெண் துப்பட்டாவை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கண்ணை மட்டும் திறந்து, என் கையையும் கைப்பையையும் பார்த்தாள். ‘அக்கா, நீங்க பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் அக்காதான?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘நான் ஜெனிட்டாக்கா. ஸ்பின்னிங் மில்லு வேன்ல இறங்கி வருவேன்ல.’ மூக்குத்தியைப் பார்த்ததும் தெரிந்தது. நீலக் கோட்டும் முடியில் ஒட்டின பஞ்சுமாக ஷிப்ட் முடிந்து வருகிற பெண். கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை நெற்றியில் வைத்துக் காட்டுவாள், வாய் பேசக்கூட வேண்டாம், நான் மடித்துக் கொடுத்துவிடுவேன். ரோஸ் முழுசு. ‘ரெண்டு வாரமா உங்களக் காணல, இந்த வாரம் நான் வேலைக்கே வரலக்கா. ஐயா ஒருத்தர் குடுத்தாரு, அது கேக்கவே மாட்டேங்குது. நீங்க குடுத்தாத்தான் எனக்குக் கேக்கும்’ என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் இடது கண்ணோரம் சுருங்கி நின்றுவிட்டது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும், என் கண்ணாடியில் தினமும் பார்க்கிறது. ‘அக்கா, கையில ஒரு செட்டு இருக்காக்கா? டாக்டர் கூப்புடறதுக்குள்ள வாந்தி வந்துரும்போல இருக்கு.’

டியூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் திறந்தோம். ‘எத்தனை போடுறே?’ என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையது மாதிரி இல்லை. ‘என்னதுக்கா?’ ‘செட்டு. வாரத்துக்கு எத்தனை?’ அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ‘மொதல்ல சம்பளத்தன்னிக்கு ஒண்ணு ரெண்டு வாங்கி வைப்பேன். இப்பத் தெனம் ஒண்ணுக்கா. நைட் ஷிப்டுன்னா ரெண்டு. இவரு எழுதுறது தனி.’ ‘எத்தனை வருஷமா?’ ‘மில்லுல சேந்ததுலேருந்து. மூணு இருக்கும்.’ மூன்று வருஷம். நான் கொடுத்ததை நான் பார்க்கிறேன், ஒரு கை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கவரை நீட்டுகிறது, ஒரு கை அந்தப் பக்கம் வாங்குகிறது, மறுநாள், மறுநாள், மறுநாள். எத்தனை பேருடைய கை. காய்கறிக்காரி, கண்டக்டர், அந்த ஸ்கூல் ஆயா. திங்கட்கிழமைகூடக் கொடுத்தேனே. அத்தனை நாள் சுவரைப் பிறாண்டிவிட்டு வந்து, டாக்டரம்மா சொன்னது காதில் சூடு ஆறுவதற்குள், திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கொடுத்தேனே, முகத்தைப் பார்த்து, பாதியா முழுசா என்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றேன். எனக்கு வந்ததே. வந்தும் தெரியவில்லையே. இவர் உச்சந்தலையைக் காட்டிக்கொண்டு எழுதினார், நான் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மடித்தேன், அவ்வளவுதானே வித்தியாசம்.

சொல்லாமல் இருக்கலாம். இன்னும் இரண்டு நிமிஷத்தில் கூப்பிடுவார்கள், நான் உள்ளே போய் என் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த நாளை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சொல்லிவிட்டேன். மதுரை டாக்டரம்மா எனக்குச் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன், அவளுடைய நிதானம் எனக்கு வரவில்லை, கரைந்து கரைந்து சொன்னேன். செட்டாலயே வலி வரும், நிறுத்தணும், நீயா நிறுத்தாதே, அந்தம்மாகிட்டப் போ, நான் கூட்டிட்டுப் போறேன் என்றேன். ஜெனிட்டா கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வெற்றிலை அம்மா ஏதோ சொல்லி டாக்டர் அதட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஜெனிட்டா மெதுவாக, கோபம்கூட இல்லாமல், ‘தெனம் வந்து நிக்கிறேன். ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்லக்கா?’ என்றாள்.

கேட்டிருக்கலாம்ல. என் வாக்கியம். குளியலறையிலும் பஸ்ஸிலும் நான் கூர்தீட்டியது, அவள் ஒத்திகையே இல்லாமல் சொல்லிவிட்டாள். எனக்குப் பதில் தயாராக இருந்ததுதான் கொடுமை. கூட்டம் அப்படி ஜெனிட்டா, வேன் வந்தால் இருபது பேர் ஒரே நேரத்தில். நேரமில்லை. நீயும் சொல்லவில்லையே. மூன்றும் வரிசையாக வந்து நாக்கில் நின்றன, அவருக்கென்று நான் எழுதி வைத்திருந்த அதே வரிசையில். நாக்கு அந்தப் பல் குழிக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஜிப்பைத் திறந்து கவரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ‘இது ஒண்ணுதான் இருக்கு. போடுறதும் போடாததும் உன் இஷ்டம். இனிமே என் கையால கெடையாது’ என்றேன். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரிக்கவில்லை. எனக்கு வலி வந்துவிட்டது. கண்ணோரத்தில் கோலப்பொடி நெளிய ஆரம்பித்துவிட்டது. வரட்டும். இந்தத் தடவை அதை வராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை.

‘இருவத்திமூணு, இருவத்திநாலு!’ நான் எழுந்தேன். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘எங்க போற?’ என்றேன். டோக்கன் அட்டையைக் காட்டினாள். இருபத்து நாலு. வாயாடி வேண்டும் என்று ஊரெல்லாம் தேடினேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அதே டெட்டால் வாசனை, அதே மேஜை, அதே உச்சந்தலை. மருவுக்குப் பக்கத்தில் சாயம் வெளுத்திருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், பையை மேஜையில் வைத்தேன், நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. ‘ம், கூட யாரும்மா வந்திருக்கா?’ என்றார், நிமிராமல். யாரும் இல்லை, நானே பேசுவேன் என்று சொல்வதாக இருந்தேன், அதுவும் ஒத்திகையில் இருந்தது. அவரை விட்டுவிடப் போகிறேனா? மாட்டேன். பதினோரு வருஷமும் ஒரு நல்ல பல்லும் சும்மா போகவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஸ்டூல் கிறீச்சென்றது, அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, என் வாக்கியத்தை அவளுக்கு முன்னால் என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. அது இப்போது அவளுடையது. ‘நீங்களும் நானுமாச் சேந்து தலைவலி வரவச்ச பொண்ணு வந்திருக்கா டாக்டர்’ என்றேன். ‘எம் பேச்சு அப்புறம். மொதல்ல அவ பேசட்டும்.’

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்க்கிறார், சின்னக் கண்கள், மூக்கில் கண்ணாடி அழுத்தின தழும்பு, சாதாரண முகம், எந்தக் கடையிலும் நிற்கிற ஒரு ஆள் மாதிரி. எத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்கு. ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், நேரம் கிடைக்கவில்லை. ஜெனிட்டா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, கையிலிருந்த பேப்பர் கவரை அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டின் மேல் வைத்தாள். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையை நீட்டி, ‘இவுங்கதான் சார் குடுத்தாங்க’ என்று என்னிடமிருந்து ஆரம்பித்தாள்.